கலெக்டராம்: முரண்நகை பற்றிச் சில குறிப்புகள்

முரண்நகை என்றால் என்ன என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரான பொருளை உணர்த்துவது. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, ஐரனி மூன்று வகைப்படும் என்று விரல் மடக்குவார்கள்: பேச்சில் வருவது, நாடகத்தில் வருவது, நிகழ்ச்சிகளின் போக்கில் வருவது. நானும் இப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பரீட்சைக்கு இது போதும். ஆனால் சின்ன வயதில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கதியை விளங்கிக்கொள்ள இந்த வரையறை கடைசிவரை உதவவே இல்லை. அந்தச் சங்கதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோட்பாட்டுக் கட்டுரையில் சொந்தக் கதை எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். மூன்று மைல் நடை, கரிசல் காடு, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் (செருப்பு இருந்தால்). எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஆக்கிவைத்துவிட்டுப் போகும் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடினாலும் முதல் மணிக்குள் போய்ச் சேர முடியாது. நான் வாசலில் நின்றதும் வாத்தியார் எழுந்து நின்று, “வாங்க கலெக்டர் சார், உக்காருங்க” என்பார். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்வேன். நம்பித்தான் சிரித்தேன். படித்தால் கலெக்டர் ஆகலாம் என்று வீட்டில் சொல்லித்தானே அனுப்பியிருந்தார்கள்? வாத்தியாரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவில் சொன்னாள்: “எம் மவன வாத்தியாரு கலெக்டருன்னுதான் கூப்புடுதாராம்.” திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “கலெக்டராம்லா! கால்சட்டைக்குப் பித்தான் இல்லாத கலெக்டரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை சொன்னது மட்டும் அல்ல, வாத்தியார் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும்.

இப்போது வரையறைக்கு வருவோம். வாத்தியார் எதிர்ப்பொருளில் பேசினாரா? கலெக்டர் என்பதற்கு எதிர்ப்பதம் என்ன? கலெக்டர் அல்லாதவன் என்று வைத்துக்கொண்டால், நான் கலெக்டர் அல்ல என்கிற செய்தியை அறிவிக்கவா ஒரு மனுஷன் தினமும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான்? அது ஊருக்கே தெரிந்ததுதானே. எதிர்ப்பொருள் என்கிற சாவியைப் போட்டுத் திருகினால் இந்த வாக்கியம் திறக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

இன்னும் பழைய உதாரணம் ஒன்றைப் பார்க்கலாம். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் சொல்வதன் சாரம் இது: இங்கே இருப்பவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செப்பமாகி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்ன உலைக்கூடத்தில் கிடக்கின்றன. வஞ்சப்புகழ்ச்சிக்கு வகுப்பறையில் காட்டப்படும் முதல் உதாரணம் இதுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இதில் எதிர்ப்பொருளில் வந்த சொல் எது? ஒன்றுகூட இல்லை. பீலி அணிந்திருப்பது உண்மை. நெய் பூசியிருப்பது உண்மை. அங்கே நுனி முறிந்திருப்பதும் உண்மை. அத்தனையும் நேர்ச்சொல். ஆனால் கேட்டவன் முகம் சுருங்கியிருக்கும்.

ஆக, முரண்நகை சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே மட்டும் நடப்பதல்ல. அப்படியானால் எங்கே நடக்கிறது?

1981இல் டான் ஸ்பெர்பர், டெர்ட்ரி வில்சன் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொழியியல் வட்டாரத்தில் அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அதற்கு முன்னால் எச். பி. கிரைஸ், பேசுபவன் உண்மை பேசவேண்டும் என்கிற விதியைப் பகிரங்கமாக மீறிக் காட்டுகிறான், அதைக் கண்டு கேட்பவன் எதிர்ப்பொருளைத் தேடிப் போகிறான் என்று விளக்கியிருந்தார். இவர்கள் இருவரும் அதை ஏற்கவில்லை. முரண்நகையாகப் பேசுபவன் அந்த வாக்கியத்தைத் தன் வாக்கியமாகச் சொல்லவே இல்லை; வேறு யாரோ சொன்னதை, அல்லது நினைத்ததை, அல்லது ஊரே நம்பிக்கொண்டிருப்பதை எடுத்து, ‘இதைப் பாருங்கள்’ என்று தூக்கிக் காட்டுகிறான் என்றார்கள். சொல் எதிரொலி, அதன்மேல் பேசுபவனின் பார்வை ஏறியிருக்கிறது. வானிலை அறிக்கையில் இன்று மழை இல்லை என்றார்கள். நீங்கள் தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைகிறீர்கள். “மழை வராதாம்” என்கிறீர்கள். இது எதிர்ப்பொருள் அல்ல, மேற்கோள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் சிரிப்பு. காரணம் அந்த ‘ஆம்’. இந்த இரண்டு பேரும் தர்க்கம் போட்டு நிறுவவேண்டியிருந்த ஒன்றுக்குத் தமிழில் ஓர் உருபே இருக்கிறது. ‘மழை பெய்யுமாம்’ என்றால் நான் சொல்லவில்லை, யாரோ சொல்கிறார்கள், நான் கடத்துகிறேன், அவ்வளவுதான். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று பாட்டி கதை தொடங்கும்போது அந்த ராஜா இருந்தானா இல்லையா என்பதற்குப் பாட்டி பொறுப்பல்ல. அதே ‘ஆம்’தான் ‘பெரிய அறிஞராம்’ என்பதிலும் வருகிறது. அறிஞர் என்று யாரோ சொன்னார்கள், அந்தச் சொல்லை விரல்நுனியில் பிடித்துக் காட்டுகிறேன், என் கையில் ஒட்டவில்லை பாருங்கள். ஆங்கிலத்தில் இதற்கு விகுதி கிடையாது. குரலை இழுக்க வேண்டும், அல்லது எழுத்தில் மேற்கோள் குறியை மாட்ட வேண்டும். நமக்கு ஓர் அசை போதும்.

அம்மா சொன்னதையும் அத்தை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “கூப்புடுதாராம்.” “கலெக்டராம்லா!” ஒரே உருபு. அம்மா வாயில் அது செய்தி, அத்தை வாயில் அது குத்தல். இடையில் மாறியது இலக்கணம் அல்ல. கடத்தப்படும் சொல்லோடு அதைக் கடத்துகிறவருக்குள்ள உறவு மாறியிருக்கிறது. அம்மா அந்தச் சொல்லை மடியில் வாங்கிக்கொண்டாள். அத்தை அதைக் காம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

‘ஆம்’ மட்டும் அல்ல, நம் பேச்சில் இதற்கான கருவிகள் ஏராளம். ‘ஆக்கும்’ இருக்கிறது: “இவரு பெரிய மேதையாக்கும்.” தெற்கே ‘லா’, ‘ல்ல’. ‘ரொம்ப’ இருக்கிறது: “ரொம்பத்தான் கிழிச்சே.” எல்லாவற்றிலும் கூர்மையானது மரியாதைதான். தினமும் ‘நீ’ என்று அழைக்கப்படும் ஒருவனிடம் திடீரென்று ‘நீங்க’ வந்தால் உஷாராகிவிட வேண்டும். “மகாராணிக்கு இப்பத்தான் பொழுது விடிஞ்சுதோ?” என்று மாமியார் கேட்கும்போது மருமகளுக்குத் தெரியும், இந்தக் கிரீடம் எதற்குத் தலையில் ஏறுகிறதென்று. “வாங்க தொரை” என்பதில் உள்ள தொரை யார்? ஒரு காலத்தில் வெள்ளைக்காரனை நெஞ்சாரப் பயந்து அப்படி அழைத்தார்கள். அன்றைக்கு அது நிஜமான சொல். நிஜமாகச் சொல்லப்பட்ட சொல்தான் பின்னால் எதிரொலிக்க முடியும். யாரும் எக்காலத்திலும் மனசாரச் சொல்லியிராத ஒன்றை வைத்துக் கேலி செய்ய முடியாது. மொழியில் உள்ள கேலிச்சொற்களைத் தோண்டினால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பழைய பணிவு புதைந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நம் இலக்கணகாரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், வசையை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இந்தக் ‘கரப்பு’ என்கிற சொல்லைப் பாருங்கள். எதிர்ப்பொருள் என்ற பேச்சே இல்லை, ஒளித்தல்தான். தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழிப்பதையும் பழிப்பதுபோலப் புகழ்வதையும் இலேச அணியின் ஓரத்தில், ‘இப்படிச் சொல்வாரும் உளர்’ என்கிற தோரணையில் ஒட்டவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்ற பிற்காலப் பெயர் பாதியைத்தான் பிடிக்கிறது, ஏனென்றால் புகழ்ச்சியே இல்லாத முரண்நகைகள் நிறைய. தொல்காப்பியன் எடுத்த முனை நல்ல முனை: மறைத்தல் என்று சொன்ன உடனேயே, யாரிடமிருந்து மறைப்பது என்ற கேள்வி எழுகிறது.

அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. முரண்நகைக்கு இரண்டு காதுகள் வேண்டும். ஒன்று அப்படியே எடுத்துக்கொள்ளும் காது, இன்னொன்று சிரிக்கும் காது. சில சமயம் முதல் காது வெறும் கற்பனையாகவே இருக்கும், அப்படி ஓர் அப்பாவி எங்கும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில சமயம் அந்த அப்பாவி நிஜமாகவே முன்னால் நிற்கிறான். ஆறாம் வகுப்பில் நான் நின்றதுபோல.

1702 டிசம்பரில் டேனியல் டீஃபோ பெயர் போடாமல் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்களை, அதாவது டீஃபோவின் சொந்த ஆட்களை, நாட்டிலிருந்து ஒழித்துக்கட்டுவதே சுருக்கு வழி என்று வாதாடும் பிரசுரம். எதிர்த்தரப்பின் தீவிரவாதிகள் பேசும் பேச்சை அப்படியே அவர்கள் குரலிலேயே எழுதினார். குரலை இம்மியும் பிசகாமல் பிடித்துவிட்டார், அதுதான் ஆபத்தாகப் போயிற்று. அந்தத் தீவிரவாதிகளில் சிலர் அது தங்களில் ஒருவர் எழுதியது என்று நம்பிப் பாராட்டினார்கள். டீஃபோவின் சொந்த ஆட்கள் பயந்தார்கள். எழுதியவர் யார் என்று தெரிந்ததும் இரு தரப்புக்கும் கோபம். 1703 ஜூலையில் மூன்று நாள் லண்டனில் கழுத்தையும் கைகளையும் கட்டையில் பூட்டி அவரைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார்கள். எதிரொலி மூலக்குரலோடு அப்படியே பொருந்திவிட்டால் எது எதிரொலி என்று யார் சொல்வது? இருபத்தேழு வருஷம் கழித்து, 1729இல், ஜொனாதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தின் வறுமைக்குத் தீர்வாகக் குழந்தைகளைச் சமைத்துத் தின்னும் யோசனையை, கணக்கு வழக்கோடு, திட்ட அறிக்கையின் நிதானத்தோடு முன்வைத்தபோது, அவர் ஓர் எச்சரிக்கையை மேற்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். யோசனையை அவ்வளவு கோரமாக்கினால்தான் இது வேறொருவனின் குரல் என்பது புலப்படும். டீஃபோ முன்வைத்த யோசனை கோரம்தான், ஆனால் நடக்கக்கூடியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நாடக முரண்நகை என்று தனியாக ஒன்று சொல்கிறோமே, அதிலும் இந்த இரட்டைக் காதுதான். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளனுக்குத் தெரியும் என்று விளக்குவார்கள். 1833இல் கானப் தெர்ல்வால் சோஃபக்ளிஸ் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆங்கில விமர்சனத்தில் இந்தப் பொருள் வேரூன்றியது. ஈடிபஸ் தன்னைத்தானே சபித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், அதை விட்டுவிடுகிறேன். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை இருக்கிறது. கோவலன் ஒற்றைச் சிலம்போடு ஆயர்பாடியிலிருந்து கிளம்புகிறான். திமில் உள்ள காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கு இளங்கோ ஒரு காரணம் சொல்கிறார்: அவன் குலத்தில் அந்த அறிவு இல்லை. ஆயர்பாடியில் எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். பெரிய கடல்வணிகன் வீட்டுப் பிள்ளைக்குக் காளையின் பாஷை தெரியாது. அறியாமை எப்போதும் ஏழைக்கும் எளியவனுக்கும் உரியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

அப்புறம் கடைத்தெரு. நூறு கொல்லர்கள் பின்னால் வர, சட்டை போட்டுக்கொண்டு பொற்கொல்லன் வருகிறான். கோவலன் அவனிடம் போய்க் கேட்கிறான், அரசன் தேவியின் காலுக்கு ஏற்ற அணி ஒன்றுக்கு உன்னால் விலை போட முடியுமா என்று. இது விற்க வந்தவனின் சாதாரணப் பேச்சு. சரக்கு உசத்தி என்று சொல்ல வேறு எப்படிச் சொல்வான்? ஆனால் அரசியின் சிலம்பைத் திருடியவன் இந்தப் பொற்கொல்லன்தான் என்பது பதிகத்திலேயே வாசகனுக்குச் சொல்லப்பட்டாயிற்று. ஆகவே கோவலன் வாயிலிருந்து வரும் ‘தேவி’ என்ற சொல் காற்றில் இருக்கும்போதே கைமாறிவிடுகிறது. அவன் விலை ஏற்றுவதற்குச் சொன்ன சொல்லே அவனைப் பிடித்துக் கொடுக்கும் சொல்லாகிறது. பொற்கொல்லன் ஒன்றும் புதிதாகக் கற்பனை செய்யவேண்டி இருக்கவில்லை, கேட்ட சொல்லை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனால் போதும். நாடக முரண்நகையில் இருக்கும் வேதனை, பாத்திரத்துக்குத் தெரியவில்லை என்பதோடு முடிவதில்லை. தன் சொல்லை இன்னொரு காது எப்படிக் கேட்கிறது என்பது அவனுக்கு எட்டாமல் போவதில்தான் அது இருக்கிறது. எதிரொலி இங்கே ஒலிக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.

நிகழ்ச்சிகளின் முரண்நகை என்று சொல்லப்படும் மூன்றாவது வகையில் எனக்கு அதிக அக்கறை இல்லை. தீயணைப்பு நிலையம் தீப்பிடித்தது என்பது போன்ற செய்திகள். நிகழ்ச்சிக்கு நாக்கு கிடையாது. நாமே விதி என்று ஒரு வாயைப் பொருத்தி அது கேலி செய்வதாகக் கேட்டுக்கொள்கிறோம். பத்திரிகைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘என்ன ஒரு முரண்நகை!’ என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது.

இனி, அதிகாரம் குறித்து. கடந்த முப்பது நாற்பது வருஷச் சிறுபத்திரிகை எழுத்தில் பகடி, எள்ளல், அங்கதம் என்றாலே அது எளியோரின் ஆயுதம், அதிகாரத்தைக் கவிழ்ப்பது என்று ஓர் எண்ணம் படிந்துகிடக்கிறது. நானும் இப்படி எழுதியிருக்கிறேன். ஔவையாரை வைத்துப் பார்த்தால் அது சரிதான். பரிசில் வாங்கிப் பிழைக்கும் ஒரு பெண் புலவர், ஆயுதம் ஏந்திய அரசனின் சொந்தக் கொட்டிலில் நின்றுகொண்டு அவனைச் சிறுமைப்படுத்துகிறார், அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை? எந்தச் சொல்லைப் பிடித்துக் குற்றம் சாட்டுவான்? ‘என் வேலில் நெய் பூசியிருக்கிறது என்று சொன்னாள்’ என்றா? கரந்த மொழி ஒரு கவசம். கோபப்பட்டால் அடி பட்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஆனால் அதே கவசத்தைத்தான் என் வாத்தியாரும் அணிந்திருந்தார். விஷயம் புரிந்த மறுநாள் நான் என்ன செய்திருக்க முடியும்? “என்ன சார் கேலி பண்றீங்க” என்று கேட்டால், “கலெக்டரா வரணும்னு வாழ்த்தினேன்டா, அது ஒரு குத்தமா?” என்று அவர் சொல்லியிருப்பார். சொல்லில் ஒரு பிழை கிடையாது. வகுப்பு இன்னொரு முறை சிரித்திருக்கும். நேரடியாகச் சாதியைச் சொல்லி, அம்மாவின் வேலையைச் சொல்லித் திட்டியிருந்தால் அழுதிருக்கலாம், தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம், குறைந்தது ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். மரியாதை கொடுத்துத் திட்டுகிறவனிடம் எதைக் கேட்பது? அவர் எங்கள் வீட்டுக் கனவின் சொல்லை எங்களிடமிருந்தே எடுத்து, நாற்பது பேர் முன்னால் காம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அதிகாரத்தில் இருப்பவன் நேரடியாக அடிக்கக் கூச்சப்படும் காலத்தில் கேலியை எடுத்துக்கொள்கிறான். அலுவலகங்களில், பல்கலைக்கழகத் துறைகளில், ஏன், இலக்கியக் கூட்டங்களில்கூட, புதிதாக உள்ளே வந்தவனை வரவேற்கும் குரல்களை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள்.

கிரேக்கத்தில் ஐரனியின் மூலச்சொல்லே இந்த வழக்கில் மாட்டிக்கொண்டதுதான். பிளேட்டோவின் குடியரசு முதல் புத்தகத்தில் திராசிமாக்கஸ் எரிச்சலோடு சாக்ரடீஸைச் சாடுகிறான்: இது உம்முடைய வழக்கமான பாசாங்கு, கேள்வி கேட்பீர், கேட்டால் பதில் சொல்ல மாட்டீர், தெரியாது என்பீர். அந்தப் பாசாங்குக்கு அவன் பயன்படுத்தும் சொல்தான் ‘ஐரனேயா’. அன்று அது புகழ்ச்சொல் அல்ல, வசை. பின்னால் வந்தவர்கள் அதைச் சாக்ரடீஸின் மேன்மை ஆக்கிவிட்டார்கள். ஒன்றும் தெரியாதவன்போல நடிப்பது ஞானமா, ஏய்ப்பா என்பது நடிப்பவர் யார், எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. திராசிமாக்கஸ் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

லிண்டா ஹட்சன் ஓர் இடத்தில் நல்ல திருத்தம் ஒன்று செய்கிறார். முரண்நகை அதைப் புரிந்துகொள்கிறவர்களை ஒரு குழுவாகச் சேர்க்கிறது என்பது பழைய எண்ணம். அவர் சொல்வது, குழு முன்பே இருக்கிறது, அதனால்தான் முரண்நகை வேலை செய்கிறது. என் வகுப்பு எப்படிச் சிரித்தது என்று யோசிக்கிறபோது இது சரியென்றே படுகிறது. வாத்தியார் சிரிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. யார் கலெக்டர் ஆவான், யார் ஆகமாட்டான் என்பது அந்தப் பதினோரு வயதுப் பையன்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் வெளிவந்தது. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷன், அவனுக்குப் பால்கஞ்சிக்குக் காசில்லை, இருட்டுச் சந்து, முக்கால் ரூபாய். தலைப்பே முரண்நகை என்று எல்லா உரைநூலும் சொல்லிவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வாக்கியங்களின் அமைப்பு. கற்பு என்ற சொல்லை ஆசிரியர் தன் சொல்லாகச் சொல்லவில்லை. நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லாக, நம் வாயிலிருந்து பிடுங்கி, நம் முன்னாலேயே போடுகிறார். கூடவே மரியாதையாக ‘ஐயா’ என்று வேறு அழைக்கிறார். மழை வராதாம் என்பதன் அதே இலக்கணம்தான், பந்தயம் மட்டும் பெரிது. கல்லூரியில் இந்தக் கதையைப் படித்துக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டினோம். கற்பு பேசும் ஊராருக்கு நல்ல சூடு என்று. அந்த ‘ஐயா’ நாங்கள்தான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அடுத்த வாரம் அதே வகுப்பில் ஒரு பெண்ணைப் பற்றி என்ன பேசினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது, இங்கே எழுதப் போவதில்லை. முரண்நகையின் குறி எப்போதும் பக்கத்து நாற்காலிக்காரன்தான். இன்னொன்றும் உண்டு. அம்மாளு இந்தப் பேச்சில் எங்கே இருக்கிறாள்? சிரிக்கும் காதும் அவளுடையதல்ல, ஏமாறும் காதும் அவளுடையதல்ல. அவளை முன்னிட்டு ஓர் ஆணும் இன்னோர் ஆணும் பேசிக்கொள்கிறார்கள்.

என் வாதம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகிறது என்று சொல்லமாட்டேன். கயமை அதிகாரத்தில் வள்ளுவர் கயவரைத் தேவருக்கு ஒப்பிடுகிறார், இருவரும் தம் மனம்போனபடி நடப்பவர்கள் என்பதால். பரிமேலழகர் இதைப் புகழ்வதுபோலப் பழித்தது என்று கணக்குத் தீர்த்துவிடுகிறார். எனக்குத் தீரவில்லை. கயவரைப் பழிப்பது சரி, ஆனால் அந்த ஒப்புமை உண்மையாக இருப்பதால்தானே கேலி நிற்கிறது? அப்படியானால் தேவர் மேல் விழுந்த அடியை என்ன செய்வது? வேன் பூத் 1974இல் எழுதிய புத்தகத்தில் நிலைத்த முரண்நகை, நிலையாத முரண்நகை என்று பிரிக்கிறார். முன்னதில் சொன்னதை விலக்கிவிட்டு உறுதியான ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பின்னதில் உட்கார இடம் கிடைக்காது. இந்தக் குறளை நான் பின்னதில்தான் வைப்பேன். உரைகாரர் அவசரமாக ஒரு பலகையைப் போட்டு நம்மை உட்காரவைக்கப் பார்க்கிறார்.

நான் கலெக்டர் ஆகவில்லை. ஒரு கல்லூரியில் வாத்தியார் ஆனேன். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சேலையைப் பிரித்துப் பார்த்து, முந்தியைத் தடவிப் பார்த்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பியவள் சொன்னாள்: “ஆமா, கலெக்டராத்தான் ஆயிட்டியே.”

இதில் யாருடைய சொல் எதிரொலிக்கிறது என்று நான் பல வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாத்தியாருடையதா, அத்தையுடையதா, தெருவில் பெருமையாகச் சொன்ன அவளுடையதேவா? ‘கூப்புடுதாராம்’ என்று சொன்ன அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? ஒருமுறை கேட்டேவிட்டேன். “என்ன தெரியணும்?” என்றாள். சோறு போட்டாள்.